செங்கல்பட்டு சொன்ன பதில்

1948இல் புதுமைப்பித்தனைக் காசநோய் கொண்டுபோனதை இலக்கிய வாசகர்களாகிய நாம் மறப்பதில்லை. அதே நோயைப் பற்றி உலகுக்கே ஒரு பாடம் கற்பித்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை நாம் நினைப்பதேயில்லை.

1940களின் இறுதியிலிருந்து இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி போடப்பட்டுவந்தது. 1955இல் ராஜாஜி அதைப் பகிரங்கமாக எதிர்த்தார். ஆதரித்தோரிடமும் எதிர்த்தோரிடமும் இந்நாட்டுக்குப் பொருந்தும் உறுதியான சான்று இல்லை. பிரிட்டனில் நல்ல பலன் தந்த அவ்வூசி அமெரிக்காவின் தென்மாநிலங்களில் சொற்பப் பலனையே தந்திருந்தது.

இந்த ஐயத்தைத் தீர்க்க, 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பெரும் சோதனையைத் தொடங்கியது. இன்றைய திருவள்ளூர் மாவட்டப் பகுதியில் 209 கிராமங்களிலும் 9 நகரங்களிலும் வீடுவீடாகப் பெயர் பதிந்தார்கள். ஏறத்தாழ 2,80,000 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு பகுதியினருக்குச் செலுத்தப்பட்டது மருந்தில்லாத வெறும் கரைசல். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு பதினைந்து ஆண்டுகள் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையுமாகக் கண்காணிப்பு நீண்டது.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1980வாக்கில் வெளியானபோது அதிர்ச்சி காத்திருந்தது. பெரியவர்களைத் தாக்கும் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை. பதினைந்தாண்டு முடிவும் அதையே உறுதிசெய்தது. குழந்தைகளுக்கு மூளையுறையைத் தாக்கும் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து அது காப்பதால், பிறந்தவுடன் போடும் வழக்கம் மட்டும் தொடர்கிறது.

ஊசி கைவிட்ட இடத்தில், நோயாளியைக் கண்டுபிடித்து முழுமையாகக் குணப்படுத்துவதே வழியாயிற்று. 1999இல் அதே திருவள்ளூர்ப் பகுதியில், நோயாளி மருந்தை விழுங்குவதை ஒருவர் நேரில் உறுதிசெய்யும் டாட்ஸ் முறை வந்தது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் மீண்டும் வீடுவீடாக எண்ணியது. சுமார் ஐந்தாண்டுகளில் நோயின் பரவல் ஏறக்குறையப் பாதியானது. அடுத்த கணக்கெடுப்பிலோ அந்தச் சரிவு தொடரவில்லை. எண்ணுவதை ஐந்தாண்டோடு நிறுத்தியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

விரும்பாத விடையையும் மறைக்காமல் அச்சிட்ட ஆய்வாளர்களை நாம் பாராட்டலாம். ஆனால் ஊசியா வெறும் நீரா என்றறியாமல் கை நீட்டிய அந்தக் கிராமத்து மக்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அதனினும் பெரிது. அவர்கள் பெயர்கள் பதிவேடுகளோடு நின்றுவிட்டன. அவர்கள் தந்த விடையின்மீது நின்றுதான், பெரியவர்களைக் காக்கும் புதிய தடுப்பூசியை உலகம் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது.