கோலார்ச் சமவெளியில் அம்பின் நிறையும் அலகும்

கோலார்த் தங்கவயலின் சுரங்கக் கம்பெனிகள் ஒரு டன் பாறையில் எத்தனை பென்னிவெயிட் தங்கம் தேறும் என்று கணக்கிட்டு, அதற்கும் கீழ்ப்பட்ட துகளைக் கிரேனால் அளந்துகொண்டிருந்த காலத்தில், அதே கிரேன் அளவை மேல்நாட்டில் வேறொரு காரியத்துக்கும் வழங்கி வந்தார்கள். அமெரிக்காவில் வில்லெடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர் இன்றும் தம் அம்பைக் கிரேனில்தான் நிறுக்கிறார். 450 கிரேன் நிறையுள்ள அம்பு ஏறத்தாழ 29 கிராம்; கழஞ்சு ஒன்றுக்கு ஐந்து கிராம் என்று தோராயமாக வைத்துக்கொண்டால் ஆறு கழஞ்சுக்குச் சற்றுக் குறைவு. பொன்னை நிறுக்கும் தராசில் அம்பை வைப்பதாவது என்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆயினும், மானை வில்லால் வீழ்த்தும் வித்தையில் அந்த ஓரிரு கழஞ்சு ஏற்றத்தாழ்வே பிரதானமான விஷயம். துப்பாக்கி வருமுன் இந்தப் பிரதேசத்தில் வேட்டையாடிய ஜனங்கள் தராசின் உதவியின்றிக் கையின் பழக்கத்தாலேயே அதை அறிந்திருக்க வேண்டும்.

கோலார்ப் பீடபூமி ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில் கிடக்கும் வறண்ட பூமி. ஏரிகளும் பாறைக் குன்றுகளும் நீங்கலாக மற்ற இடமெல்லாம் புல்லும் எருக்கும் இலந்தைப் புதருந்தான். இந்த நிலத்துக்கு உரிய மான், அடர்ந்த காட்டில் மறைந்து வாழும் கடமான் அன்று. முறுக்கிய கொம்பும், கரிய முதுகும், வெள்ளை வயிறும் உடைய வெளிமான். பழந்தமிழர் இரலை என்றும் புல்வாய் என்றும் அழைத்தது இதனையே. இது இயல்பாகத் திரியும் தேசமே யாகத்துக்குத் தகுந்த தேசம் என்று மனுஸ்மிருதி எல்லை வகுத்திருக்கிறது. பிரம்மசாரியின் தோலாடைக்கும் வேடனின் அடுப்புக்கும் ஒரே பிராணி உதவியது என்பது ஒரு விநோதமே.

வெளிமானின் பாதுகாப்பு அதன் கண்ணும் காலும். மறைவிடமே இல்லாத வெளியில் அது கூட்டமாக மேயும். ஏதேனும் ஒரு தலை எப்போதும் நிமிர்ந்திருக்கும். சாதாரண மூங்கில் வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு விநாடிக்கு 45 மீட்டர் போகிறது என்று கொண்டால், 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் மானை அடைய அதற்கு அரை விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும். நாணின் ஒலியோ அதே தூரத்தை விநாடியில் பதினேழில் ஒரு பங்கில் கடந்துவிடும். ஆகவே, அம்பு வந்து சேருமுன் மானுக்குச் செய்தி வந்து சேர்ந்துவிடுகிறது. எஞ்சிய அவகாசம் அது துள்ளி விலகுவதற்குப் போதுமானது.

இங்கேதான் அம்பின் நிறையைப் பற்றிய கேள்வி எழுகிறது. வேகமாகச் செல்வது இலேசான அம்பு. அப்படியானால் அதுவே உத்தமம் அல்லவா என்று தோன்றும். ஆனால், வில்லை வளைக்கையில் அதில் சேர்ந்த சக்தி முழுவதையும் இலேசான அம்பு எடுத்துக்கொள்வதில்லை. அது ஒரு பகுதியோடு பறந்துவிட, மிச்சமுள்ளது வில்லை அதிரவைத்து நாணைக் கிணுகிணுக்கச் செய்து ஓசையாகக் கழிகிறது. கனத்த அம்போ மெதுவாகச் செல்லினும் வில்லின் சக்தியைப் பெரும்பாலும் தன்னோடு கொண்டுபோகிறது. வில்லும் அடங்கி ஒலிக்கிறது. உடலில் தைத்த பிறகு தோலும் தசையும் அதனை எளிதில் தடுத்து நிறுத்துவதில்லை. அதன் குறை ஒன்றே: செல்லும் பாதை வளைந்து தாழ்கிறபடியால், தூரத்தைச் சிறிது தவறாக மதித்தாலும் அம்பு மானின் காலடி மண்ணில் போய்க் குத்திக்கொள்ளும். தூரத்திலிருந்து எய்ய இலேசான அம்பு வேண்டும், ஆழமாகத் தைக்கக் கனத்த அம்பு வேண்டும் என்ற இந்தச் சங்கடத்துக்கு வில்லில் பரிகாரம் கிடையாது. உழவுமாட்டின் மறைவில் நடந்து நெருங்குவதும், நீர்நிலையின் ஓரத்தில் பதுங்கியிருப்பதும் இந்நாட்டு வேடர் கைக்கொண்ட உபாயங்கள். பழக்கிய மானின் கொம்பில் வலையைக் கட்டிக் காட்டு மானோடு மோதவிடும் தந்திரத்தை அக்பர் காலத்து அயினி அக்பரி வர்ணிக்கிறது. என் அபிப்பிராயத்தில், கனத்த அம்பை எடுத்துக்கொண்டு எப்பாடுபட்டேனும் நெருங்கியவனே நல்ல வேடன். இலேசான அம்பால் தொலைவிலிருந்து மானைக் காயப்படுத்தி ஓடவிடுகிறவனுக்கு மாமிசமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

நமது பழைய நூல்கள் இந்த ஆராய்ச்சியைப் புறக்கணிக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சார்ங்கதர பத்ததியின் தனுர்வேதப் பகுதி அம்புகளை மூன்று ஜாதியாகப் பிரிக்கிறது. முன்புறம் பருத்தது பெண் அம்பு, அது நெடுந்தூரம் செல்லும். பின்புறம் பருத்தது ஆண் அம்பு, அது உறுதியானதைப் பிளக்கும். ஒரே சீராக இருப்பது அலி, அது குறிபார்த்துப் பழகுவதற்கு. இன்றைய மேல்நாட்டு வேட்டைக்காரர்களுள் பலர், துளைப்பதற்கு முனையில் பாரம் மிகுந்திருக்க வேண்டும் என்று வாதிக்கிறார்கள். கோலின் பருமன் வேறு, அலகின் பாரம் வேறு. ஆதலால் சாஸ்திரத்துக்கும் அனுபவத்துக்கும் முரண்பாடு என்று நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

முனைகளின் பாகுபாடு இன்னும் விரிவானது. சவரக்கத்தி போன்ற க்ஷுரப்ரம், பிறை வடிவான அர்த்தசந்திரம், ஊசிபோல் கூர்ந்த சூசிமுகம், அகன்ற இலை வடிவான பல்லம் என்று வடமொழி நூல்கள் அடுக்கிக்கொண்டே போகும். கவசத்தைத் துளைக்க ஊசிமுனை ஏற்றது. மானுக்குக் கவசம் இல்லை. ஊசிமுனை அதன் உடலில் சிறு துவாரத்தைச் செய்யுமேயன்றி விரைவில் உயிரைப் போக்காது. குண்டு அதிர்ச்சியாலும் சிதைவாலும் கொல்கிறது. அம்போ அறுப்பதனாலேயே கொல்கிறது. நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அறுத்துச் சென்றால் மான் சிறிது தூரம் ஓடி விழுந்துவிடும். இதற்கு இருபுறமும் தீட்டிய அகன்ற அலகு வேண்டும். மிகவும் அகன்றுவிட்டாலோ தோலிலும் விலாவெலும்பிலும் தடைப்பட்டு ஆழம் குறையும். காற்றும் அதைப் பிடித்துத் திருப்பும். பறவைக்கும் சிறு பிராணிக்கும் அலகே வேண்டாம், மழுங்கிய மொட்டம்பே போதும். அலகு இரும்பாலும் எலும்பாலும் மரத்தாலும் ஆகலாம் என்றும், வெட்டுவதற்கு, பிளப்பதற்கு, அடிப்பதற்கு என்று வெவ்வேறாகச் செய்யவேண்டும் என்றும் கௌடிலியர் ஆயுதசாலை அத்தியாயத்தில் விதிக்கிறார். நாணுக்கு அவர் சொல்லும் பொருள்களில் எருக்கநாரும் ஒன்று. கோலார் வேடன் அதற்காக வெகுதூரம் போகவேண்டியிருந்திராது.

அம்பின் ஊடுருவலைப் பற்றித் தமிழில் மிகப் பெரிய பேச்சு வல்வில் ஓரியைப் பற்றியது. புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர், ஓரி விடுத்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தங்கியதாகப் பாடுகிறார். பரிசில் பெறவந்த புலவரின் வாக்கை நாம் கிரேன் கணக்கில் சோதிப்பது அநியாயம். எனினும் அந்தக் கற்பனை எதை மெச்சுகிறது என்று பாருங்கள்: தூரத்தையோ வேகத்தையோ அன்று, நில்லாமல் ஊடுருவிச் செல்லும் அம்பின் கனத்தையே.

இந்த அலகுகளை அடித்தவன் கொல்லன். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரே தோண்டியெடுத்த இரும்புப் பொருள்களிடையே அம்பு முனைகளும் உண்டு. வேடனுக்கும் கொல்லனுக்கும் இருந்த உறவைப் பற்றி 1681-இல் வெளியான ராபர்ட் நாக்ஸின் இலங்கைச் சரித்திரம் ஓர் அரிய செய்தியைத் தருகிறது. கண்டி ராஜ்யத்தில் பல்லாண்டு சிறைப்பட்டிருந்த அவர், ஊரோடு ஒட்டாமல் காட்டில் வாழ்ந்த வேடர்கள் இரவில் வந்து, தங்களுக்கு வேண்டிய அம்பின் உருவத்தை ஓர் இலையில் வெட்டி, மாமிசத்தோடு கொல்லன் பட்டறையருகே தொங்கவிட்டுச் செல்வார்கள் என்று எழுதுகிறார். கொல்லன் அப்படியே அடித்து வைத்தால் மேலும் மாமிசம் கிடைக்கும். அலட்சியம் செய்தால் இரவில் அம்பே வந்து சேரும்! முகத்தை முகம் பாராத அந்த வியாபாரத்தில் அளவு பிசகாமல் காத்தது ஓர் இலைதான்.

இரும்புக்கே எல்லாப் பெருமையும் கொடுத்துவிடுவதற்கும் இல்லை. 1911-இல் கலிபோர்னியாவில் தன் குலத்தின் கடைசி மனிதனாக வெளிப்பட்ட இஷியிடம் வில்வித்தை பயின்ற டாக்டர் சாக்ஸ்டன் போப், எரிமலைக் கண்ணாடிக் கல்லால் ஆன முனையையும் எஃகு முனையையும் தோல் போர்த்திய பெட்டியில் எய்து சோதித்தபோது, கல்முனையே அதிக ஆழம் சென்றது. எடையும் வில்லின் பலமும் சமமானால், ஜயம் கூர்மைக்கே.

தங்கவயலைச் சூழ்ந்த நாட்டில் அம்பின் சரித்திரத்தைக் கல்லிலேதான் தேடவேண்டும். குவளாலபுரம் என்ற கோலார் கங்கர்களின் பழைய தலைநகர். சோழர் காலத்தில் இந்நாடு நிகரிலிச் சோழமண்டலம் எனப் பெயர் பெற்றது. கோலாரம்மன் ஆலயத்தில் ராஜேந்திர சோழனுடைய தமிழ்ச் சாசனங்கள் உள்ளன. லூயிஸ் ரைஸ் 1905-இல் வெளியிட்ட கர்நாடக சாசனத் தொகுதியின் பத்தாம் பாகம் முழுவதும் கோலார் ஜில்லாவுக்கே உரியது. அதில் ஆநிரை மீட்டும் போரிட்டும் மாண்டவர்களின் வீரக்கற்கள் இடம்பெறுகின்றன. இப்போது பெங்களூர்க் காட்சிச்சாலையில் இருக்கும் பேகூர்க் கல்லில் யானையும் குதிரையும் வில்லாளியும் கலந்து பொருதும் யுத்தம் முழுவதையும் சிற்பி செதுக்கியிருக்கிறான். கங்கர் துணையோடு ராஷ்டிரகூடர் வென்ற தக்கோலப் போரில், 949-இல், சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமீதே அம்பு பாய்ந்து இறந்தான். அதே போரைக் குறிப்பிடும் ஆதகூர்க் கல்லிலோ, காட்டுப் பன்றியோடு போரிட்டு மடிந்த காளி என்ற வேட்டைநாய்க்கும் நினைவு எழுப்பியிருக்கிறார்கள். நாயைக்கூட மறவாத அந்தச் சமூகத்தில், மானை நோக்கி எய்தவனுக்குக் கல் நடும் வழக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. மான் வேட்டை வயிற்றுக்கான அன்றாடக் காரியம், வீரம் அல்ல. ஆகையால், போரம்பின் வடிவம் நமக்குக் கல்லில் கிடைக்கிறது. மானம்பின் வடிவத்தையோ நூல்களைக் கொண்டும் மண்ணில் கிடைக்கும் இரும்பைக் கொண்டும் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

வில்லின் வீழ்ச்சி விரைவாக நேர்ந்தது. தங்கவயலுக்குச் சமீபத்திலுள்ள பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் அலி, வேடர் குலத்தவரைத் தன் படையில் சேர்த்துக்கொண்டான். அக்காலப் போரின் பிரதான ஆயுதம் துப்பாக்கியாகிவிட்டது. 1802-இல் லெப்டினென்ட் வாரன் மாரிக்குப்பம் பக்கத்தில் கிராமத்தார் தங்கம் அரிப்பதைக் கண்டான். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர் குடும்பங்கள் வந்து குடியேறின. வெள்ளைக்காரத் துரைமார் ரைபிளோடு வேட்டைக்குப் போன அந்த யுகத்தில், அரை விநாடிக் கணக்கும் அலகின் அகலமும் யாருக்கும் பிரச்சினையாக இல்லை.

1972-இல் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஏற்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்து, வெளிமான் அதன் முதல் அட்டவணையில் இடம் பெற்றது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளுக்கு அப்பாலுள்ள புல்வெளிகளில் வெளிமான் இன்றும் மேய்கிறது, அதன்மேல் அம்பு எய்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எனவே, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் வில்லைத் தேடவேண்டாம். பங்காருப்பேட்டை, முல்பாகல், பேத்தமங்கலம் பக்கங்களில் நிலம் வைத்திருப்பவர்கள், உழும்போது இரும்பு அலகு ஒன்று தட்டுப்பட்டாலும், வில்லேந்திய உருவம் பொறித்த கல் வரப்பில் கிடந்தாலும், அதைப் பழைய இரும்புக் கடைக்கோ மதகு கட்டவோ அனுப்பிவிடாமல், கிடந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தொல்பொருள் இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.