வைத்திக்குப்பம் முதல் ஏனாம் வரை ஒரே எம்.பி.! புதுச்சேரி தொகுதி ஒரு பார்வை

புதுச்சேரி நகரின் வடக்கு கடற்கரையில் இருக்கிறது வைத்திக்குப்பம். மாசி மகம் வந்தால் சுற்று வட்டார சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குகிற இடம். இங்கு வலை காயவைக்கும் மீனவரும், ஆந்திராவுக்குள் கோதாவரி கரையில் இருக்கும் ஏனாம் மீனவரும், கேரளா பக்கம் அரபிக்கடலில் தொழில் பார்க்கும் மாகே மீனவரும் டெல்லிக்கு அனுப்புவது ஒரே ஒரு ஆளைத்தான்.

புதுச்சேரி யூனியன் பிரதேசம் முழுவதுக்கும் ஒரே ஒரு மக்களவை தொகுதி. மாநிலங்களவைக்கும் ஒரே இடம்தான்.

மீன்பிடி தடைக்காலத்தை எடுத்துக்கொண்டால் இந்த தொகுதியின் விசித்திரம் புரியும். புதுச்சேரி, காரைக்கால், ஏனாமில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்கு போகக்கூடாது. மாகே மேற்கு கடற்கரை என்பதால் அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே எம்.பி. தொகுதியில் ரெண்டு தடைக்காலம்! இங்கே நிவாரணம் கேட்டு குரல் எழும்போது அங்கே படகு ஓடிக்கொண்டிருக்கும்.

ஓட்டுப்பதிவு நாளும் இதே கதைதான். 2024 தேர்தலில் மாகே உள்பட 4 பகுதிகளிலும் ஏப்ரல் 19-ந்தேதி ஓட்டுப்பதிவு நடந்தது. மாகேயை சுற்றியுள்ள கேரள ஊர்களில் ஒரு வாரம் கழித்து ஏப்ரல் 26-ந்தேதி. ஏனாமை சுற்றியுள்ள ஆந்திர ஊர்களிலோ மே 13-ந்தேதி. பக்கத்து ஊர் மைக் செட் சத்தத்துக்கு நடுவே ஏனாம் மக்கள் விரலில் மையோடு மூணு வாரத்துக்கு மேல் நடமாடினார்கள்.

வைத்திக்குப்பத்துக்கு இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். வடக்கே கொஞ்ச தூரத்தில் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. அங்கே ஓட்டு விழுப்புரம் தனி தொகுதிக்கு. ஒரே கடல், ஒரே காற்று. எம்.பி. மட்டும் வேறு.

ஓட்டு எங்கே இருக்கிறது?

2011 மக்கள்தொகை கணக்கெடுப்புப்படி மொத்தம் 12 லட்சத்து 47 ஆயிரத்து 953 பேர். இதில் புதுச்சேரி பகுதி மட்டும் 9 லட்சத்து 50 ஆயிரம். காரைக்கால் 2 லட்சம். ஏனாம் 55 ஆயிரம், மாகே 41 ஆயிரம். அதாவது நாலில் மூணு பங்கு ஜனம் புதுச்சேரி பகுதியில். ஏனாமுக்கு ரோடு வழியாக சுமார் 800 கிலோ மீட்டர், மாகேக்கு 600-க்கு மேல். வேட்பாளர்கள் பிரசாரத்தை எங்கே சுற்றுவார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

அதற்காக சின்ன ஊர் என்று ஒதுக்கினால் அடி விழும். 2021 சட்டசபை தேர்தலில் ஏனாமில் நின்ற என்.ரங்கசாமி, ஒரு சுயேச்சையிடம் 655 ஓட்டில் தோற்றார். தட்டாஞ்சாவடியில் ஜெயித்ததால்தான் சட்டசபைக்குள் போக முடிந்தது.

2024-ல் வாக்காளர்கள் சுமார் 10 லட்சத்து 23 ஆயிரம் பேர். ஆண்களை விட பெண்கள் 60 ஆயிரத்துக்கு மேல் அதிகம். தெருவுக்கு தெரு ஓட்டு கேட்டு வருகிறவர்கள் முதலில் அக்கா, அம்மா என்று கூப்பிடுவதில் காரணம் இல்லாமல் இல்லை.

எம்.பி. தொகுதிக்குள் வரும் சட்டசபை தொகுதிகள் 30. புதுச்சேரியில் 23, காரைக்காலில் 5, மாகே, ஏனாமில் தலா ஒன்று. திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு ஆகிய 5-ம் தனி தொகுதிகள். எம்.பி. தொகுதி பொது தொகுதி.

டவுன் பக்கம் கடைக்காரர், அரசு ஊழியர், மீனவர், கூலி வேலை பார்ப்பவர் ஓட்டு. கிராமப்புறம் வேறு மாதிரி. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பக்கம் நெல்லும் கரும்பும். அங்கே ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் பேச்சு. வன்னியர், தலித் மக்கள் ஓட்டு கிராமங்களில் கனமானது. காரைக்காலில் முஸ்லிம் ஓட்டை விட்டுவிட்டு யாரும் கணக்கு போட முடியாது. மாகேயில் காங்கிரசும் கம்யூனிஸ்டும் பரம எதிரிகள். புதுச்சேரியில் அவர்களே ஒரே மேடையில் நிற்பார்கள்!

காங்கிரசின் கோட்டையா?

1967 முதல் 2024 வரை நடந்த 15 பொதுத்தேர்தலில் 11 முறை காங்கிரஸ் வென்றது. 1971-ல் ஜெயித்து மத்திய மந்திரியான மோகன் குமாரமங்கலம் 1973-ல் விமான விபத்தில் இறந்தார். 1974 இடைத்தேர்தலில் அ.தி.மு.க.வின் அரவிந்த பாலா பழனூர் வென்றார். 1977-லும் அவரே. ப.சண்முகம் தொடர்ந்து 3 முறை, பரூக் மரைக்காயர் 3 முறை. 1998-ல் தி.மு.க.வின் ஆறுமுகம். 2004-ல் பா.ம.க.வின் பேராசிரியர் ராமதாஸ். அவர் தோற்கடித்தது பா.ஜனதா வேட்பாளர் லலிதா குமாரமங்கலத்தை. அப்பா ஜெயித்த தொகுதியில் மகள் தோற்றார்.

2009-ல் நாராயணசாமி வென்றார். 2014-ல் பிரதமர் அலுவலக இணை மந்திரியாக இருந்த அவரையே என்.ஆர்.காங்கிரசின் ராதாகிருஷ்ணன் 60 ஆயிரத்து 854 ஓட்டு வித்தியாசத்தில் சாய்த்தார். 2019, 2024 ரெண்டு முறையும் வைத்திலிங்கம். 2024-ல் அவருடைய எதிரி புதுச்சேரி உள்துறை மந்திரி நமச்சிவாயம். வித்தியாசம் 1 லட்சத்து 36 ஆயிரத்து 516. இத்தனைக்கும் 2021-ல் சட்டசபையில் 16 இடம் பிடித்தது என்.ஆர்.காங்கிரஸ் - பா.ஜனதா கூட்டணி. சட்டசபைக்கு ஒரு கணக்கு, டெல்லிக்கு ஒரு கணக்கு என்று ஜனங்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எம்.பி.யால் குப்பத்துக்கு என்ன?

யூனியன் பிரதேசம் என்பதால் இங்கே பெரிய காரியம் எதற்கும் டெல்லி கதவை தட்டவேண்டும். தனி மாநில அந்தஸ்து கேட்டு சட்டசபையில் பலமுறை தீர்மானம் போட்டார்கள். அதை முடிவு செய்யவேண்டியது நாடாளுமன்றம். அங்கே மக்களவையில் புதுச்சேரிக்கு இருப்பது ஒரு ஓட்டு.

கடல் அரிப்பும் அப்படித்தான். தேங்காய்த்திட்டு துறைமுக முகத்துவாரத்தில் 1980-களின் கடைசியில் கல் கொட்டி அலைத்தடுப்பு கட்டினார்கள். அதன்பிறகு தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. டவுன் கடற்கரை போனது, வடக்கே குப்பங்களின் கரையும் தேய்ந்தது. தலைமைச் செயலகம் எதிரே கடலுக்குள் செயற்கை பாறை அமைத்து மணல் சேர்த்தது மத்திய அரசின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். குப்பங்களில் இன்னும் கல் சுவர்தான் காவல். படகை ஏற்றி வைக்க இடம் இல்லாதவனுக்கு தூண்டில் வளைவு வேண்டும். அதற்கு கோடிக்கணக்கில் பணம் வேண்டும். எம்.பி. நிதியோ ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதையும் 4 பகுதிக்கும் பிரிக்கவேண்டும்.

ஒரு ஊருக்கு ஒரு உறுப்பினர் என்பது இங்கே புதுசு இல்லை. பிரெஞ்சு காலத்தில் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கும் இங்கிருந்து ஆள் போனதுண்டு. 1946-ல் போனவர் லம்பேர் சரவணன். 1954-ல் இந்தியாவோடு சேருவதா என்று கீழூரில் முடிவு செய்தபோது ஓட்டு போட்டவர்கள் மொத்தமே 178 மக்கள் பிரதிநிதிகள். 170 பேர் சரி என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள்.

இன்றும் டவுனில் பிரெஞ்சு குடியுரிமை உள்ள 'சொல்தா' குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் பெயர் இந்த வாக்காளர் பட்டியலில் இருக்காது. பிரான்ஸ் நாட்டு தேர்தல் வந்தால்தான் அவர்கள் இங்கே ஓட்டு போட வரிசையில் நிற்பார்கள்.