தாத்தா என்றழைக்கப்பட்ட இருவர்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, யாரைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் சிந்திக்கவில்லை. நம் மக்கள் ‘தாத்தா’ என்று உரிமையோடு அழைக்கும் பெருமகனார் ஒருவர் உண்டு. அவர்தாம் இரட்டைமலை சீனிவாசன். ஆயினும் அவரைப் பற்றி எழுத அமரும்போதெல்லாம், கரிசல் காட்டில் உழைத்து மாய்ந்த என் சொந்தத் தாத்தா குறுக்கே வந்து நிற்கிறார். எனவே இருவரையும் சேர்த்தே எழுதுகிறேன். வரலாறு மட்டும் கேட்டவர்கள் பொறுத்தருள்க.

என் தாத்தா எழுத்தறியாதவர். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பண்ணையாளாக இருந்தவர். பருத்திமார் பிடுங்கிப் பிடுங்கி அவருடைய உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் மண், ஐப்பசி மழை கண்டதும் பசையாக மாறிவிடும். அதில் நடந்தவர்க்குத்தான் தெரியும். அடிக்கு அடி சேறு ஒட்டி, காலில் கல்லைக் கட்டினாற்போல் கனக்கும். அந்த நாட்களில் இரண்டு கல் தொலைவிலிருந்த தொடக்கப் பள்ளிக்கு அவர் என்னைத் தோளில் சுமந்து செல்வார். பள்ளிக்குச் சற்று முன்பே வேப்பமரத்தடியில் இறக்கி, தலைத்துண்டால் என் பாதங்களைத் துடைத்துவிட்டு, “போயிட்டு வாய்யா” என்பார். வாசல் வரை அவர் வந்ததே இல்லை. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை.

சீனிவாசன் அவர்கள் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் கல்வி பயின்றவர். 1939ஆம் ஆண்டு வெளிவந்த அவரது ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ மிகச் சிறிய நூல். நம் இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். அங்கே பயின்ற ஏறத்தாழ நானூறு மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக மற்றையோர் பிராமணர் என்று அதில் குறிப்பிடுகிறார். தம் குலமும் குடும்பமும் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி எவரோடும் நெருங்கிப் பழகவில்லையாம். பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். பள்ளி விட்டதும் விரைந்து வீடு சேர்வாராம். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாமற் போன ஏக்கத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இப்பகுதியை முதன்முதலில் வாசித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டேன். உயர்நிலைப் பள்ளிக் கல்விக்காக நகரத்து விடுதியில் தங்கியிருந்த காலம் நினைவுக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை, துண்டில் முடிந்த கருப்பட்டிச் சில்லும் வறுத்த கடலையுமாக என் தாத்தா விடுதி வாசலில் வந்து நின்றார். இடுப்பில் ஒற்றை வேட்டி, மேலே சட்டையில்லை. “யார் இவர்?” என்று உடன் படித்தவன் வினவினான். “எங்கள் ஊர்க்காரர்” என்று சொன்னேன்.

மறைந்து மறைந்து படித்த அந்தக் கோயம்புத்தூர் மாணவர் பின்னர் என்ன செய்தார் தெரியுமா? நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிவிட்டு, 1890இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் ஓர் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயர் வெளியே தெரியலாகாது என்று அஞ்சினாரோ, அந்தப் பெயரையே இதழுக்குச் சூட்டினார்: ‘பறையன்’. அது 1900 வரை நடந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் எனக் காங்கிரசார் கோரியபோது, அவ்வாறு நடத்தினால் உயர்சாதியினரே பதவிகளை நிரப்பி ஏழை எளியோரை நசுக்குவர் என்று வாதிட்டு, 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அதன் நீளம் 112 அடி. பின்பு தென்னாப்பிரிக்காவில் பணியாற்றித் திரும்பினார், சட்டமன்ற உறுப்பினரானார், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்தார், 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். இவற்றைப் பலரும் எழுதிவிட்டதால் விரிக்கவில்லை. (பண்டிதர் அயோத்திதாசர் இவருடைய தமக்கையாரையோ தங்கையாரையோ மணந்தவர் என்று மாணவர் அடிக்கடி என்னிடம் கேட்பதுண்டு, தனலட்சுமி என்னும் அம்மையார் சீனிவாசனாரின் உடன்பிறந்தவர் என்பது போதும்.)

ஆனால் 1924ஆம் ஆண்டை மட்டும் விட்டுச் செல்ல இயலாது. அவ்வாண்டு சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்த ஒடுக்கப்பட்டோர் எவருக்கும் தடையிருத்தலாகாது என்பதே அதன் சாரம்.

அப்போது என் தாத்தாவுக்கு இருபது வயதிருக்கும். சென்னையில் நிறைவேறியது எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. கரிசல் நாட்டுக் கிணறுகளிற் பல உப்பு. நல்ல தண்ணீர்க் கிணறு ஊருக்கு ஒன்றிருந்தாலே பெரிது. எங்கள் ஊரில் அந்த ஒரு கிணற்றுக்கு எட்டக் குடத்தை வைத்துவிட்டு, யாரேனும் மனமிரங்கி இறைத்து ஊற்றும் வரை என் பாட்டி காத்து நின்றார். முப்பது ஆண்டுகள் கழித்து என் அத்தைமாரும் அதே இடத்தில் நின்றனர். 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்து சில ஆண்டுகளுக்குப் பின், என் தந்தையாரும் அவர் தோழர் சிலரும் தாமே வாளியை இறக்கினர்.

தாத்தா அதற்கு முன்னின்றார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை அதுவன்று. “வேண்டாம்யா, வேலை போயிரும்” என்று அவர் தடுத்தாராம். அவர் சொன்னபடியே பண்ணை வேலை போயிற்று. அந்த ஓராண்டு முழுதும் விடியுமுன் எழுந்து கோவில்பட்டிக்கு நடந்து சென்று, பருத்திப் பொதி சுமந்து குடும்பத்தைக் காத்தார். உன்னால்தான் இந்தப் பாடு என்று ஒருநாளும் அவர் மகனைக் கடிந்துரைத்ததில்லை என்பதை, என் தந்தையார் கடைசிவரை சொல்லிச் சொல்லி நெகிழ்வார். அந்த மகனுடைய மகனைத்தான் பின்னாளில் சேற்றில் தோளேற்றிச் சுமந்தார்.

நான் பி.ஏ. வகுப்பில் இருக்கையில் அவர் காலமானார். விடுதி வாசலில் நான் சொன்ன அந்தச் சொல் அவர் செவியில் விழுந்ததா என்று நான் கேட்கவில்லை. மறுமாதமும் அவர் வந்தார். அம்முறை வாசலுக்கு வரவில்லை. சாலையின் எதிர்ச்சாரியில் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டு, கருப்பட்டி முடிச்சை உயர்த்திக் காட்டி என்னை அழைத்தார். அன்று அவர் சட்டை அணிந்திருந்தார்.