பார்வை காத்த வரலாறு

அரசர்களின் போர்களையும் ஆட்சி மாற்றங்களையுமே வரலாறு என்று படித்துப் பழகிவிட்டோம். ஒரு நாட்டு மக்கள் தம் கண்ணொளியை எவ்வாறு இழந்தனர், எவ்வாறு காத்துக்கொண்டனர் என்பதும் வரலாறுதான். பாரத நாட்டில் அது நீண்ட வரலாறு. அதன் சில ஏடுகள் சென்னையிலும் குன்னூரிலும் எழுதப்பட்டன; வேறு பல ஏடுகள், நம்மிற் பலர் தொழிலின் பொருட்டுக் குடியேறி வாழும் பஞ்சாபிலும் ஐதராபாத்திலும் தில்லியிலும் எழுதப்பட்டன.

கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை முதுமையில் மங்கிப்போவதைக் கண்புரை என்கிறோம். வட மாநிலங்களில் வாழ்வோர் மோதியாபிந்து என்ற பெயரால் இதனை அறிவர். இதற்கு ஊசி கொண்டு செய்யும் சிகிச்சை சுசுருத சம்ஹிதையிலேயே பேசப்படுகிறது. பிற்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிய கண் வைத்தியர்களிடம் வழங்கிவந்த முறை இதுதான்: கூரிய கருவியால் கண்ணைக் குத்தி, மங்கிய வில்லையைப் பார்வைப் பாதையினின்றும் தள்ளிவிடுவர். வில்லை வெளியே எடுக்கப்படுவதில்லை, கண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஆயினும் திரை விலகியதுபோல் அப்பொழுதே வெளிச்சம் தெரியும். வைத்தியர் விரல்களைக் காட்டுவார். நோயாளி எண்ணிச் சொல்வார். சுற்றத்தார் மகிழ்ந்து கூலி கொடுப்பர். சீழ் பிடித்து அக்கண் கெடும் நாளில் வைத்தியர் வேறோர் ஊரில் இருப்பார்.

1805-இல் இலண்டனில் கண்ணுக்கெனத் தனி மருத்துவமனை தோன்றியது. அதன்பின் பதினான்கே ஆண்டுகளில், 1819-இல், கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் ஒரு கண் மருத்துவமனையை நிறுவினர். எழும்பூரில் இன்றும் நடைபெறுவது அதுவே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குத் தலைவராயிருந்த இராபர்ட் ஹென்றி எலியட், ஊசியால் குத்திக் கெட்டுப்போன கண்களைத் திரட்டி, அறுத்து ஆராய்ந்து, 1918-இல் ஒரு நூலே எழுதினார். (இவர் விந்தையான மனிதர். தாயகம் திரும்பியபின், இந்தியாவின் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று நிறுவுவதிலும் இதே முனைப்பைக் காட்டினார்.) அவ்வைத்தியர்களை மட்டுமே குற்றஞ்சாட்டுவது பொருந்தாது என்பது நம் கருத்து. மருத்துவமனை நூறு கல் தொலைவில், வைத்தியரோ வாசற்படியில். பார்வையிழந்த ஏழை வேறு யாரை நாடுவான்?

இவ்வுண்மையை உணர்ந்து, மருத்துவமனையையே மக்களிடம் கொண்டுசென்றோர் பின்னர்த் தோன்றினர். ஜலந்தரில் ஹென்றி ஸ்மித் வில்லையை அதன் உறையோடு வெளியே எடுக்கும் முறையை ஆயிரக்கணக்கான கண்களில் செய்து உலக மருத்துவர்களைத் தம் ஊருக்கு வரவழைத்தார். அதே பஞ்சாபில் மோகா நகரத்து மதுரா தாஸ், முகாம்கள் வாயிலாக எளியோர்க்கு ஒளி தந்தார். 1949-இல் இலண்டனில் ஹரால்டு ரிட்லி செயற்கை வில்லையைக் கண்ணுள் பொருத்தினார். 1976-இல் மதுரையில் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992 முதல் அங்கேயே செயற்கை வில்லைகள் செய்யப்பட்டமையால், செல்வர்க்கே எட்டிய அப்பொருள் கூலிக்காரர்க்கும் எட்டிற்று. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக்கொண்டே அப்பெருமகனார் அறுவை செய்துவந்தார் என்பதையும் இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை.

இவ்வளவும் கத்தியின் வெற்றி. ஆனால் கத்தியால் ஆகாத குருடு ஒன்று உண்டு. அது குழந்தைகளைப் பற்றுவது.

மாலைக்கண் என்ற சொல்லை நம் பாட்டிமார் அறிவர். பகலில் ஓடியாடும் பிள்ளை, விளக்கு வைக்கும் நேரத்தில் சுவரைத் தடவி நடக்கும். தட்டிலிருக்கும் சோற்றை விரலால் தேடும். மங்கிய ஒளியில் காண்பதற்கு விழித்திரையில் ஒரு செம்பொருள் வேண்டும். அதனை ஆக்குவது வைட்டமின் ஏ. அச்சத்துக் குறையுமாயின் முதலில் இரவுப் பார்வை போகும். அடுத்து, விழியின் வெண்பகுதி பளபளப்பை இழந்து வறளும்; சோப்பு நுரைபோன்ற புள்ளி தோன்றும். இந்நிலையில் தட்டம்மையோ கழிச்சலோ வந்துவிட்டால், சில நாட்களுக்குள் கருவிழி மென்மையுற்றுக் கரைந்துவிடும். கரைந்த கருவிழியில் மங்கிய வில்லையைத் தேடி எடுக்க எந்த மருத்துவராலும் இயலாது. எழும்பூர் மருத்துவமனையின் மருத்துவர் ரைட், தென்னிந்தியாவில் காணும் இந்நோயைப் பற்றி 1922-இல் எழுதினார். அவர் முன் வந்தவை பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தைகளே.

இதற்கான விடை அறுவைக்கூடத்தில் அன்று, அடுக்களையில் இருந்தது. 1918-இல் குன்னூரில் ஒற்றை அறையில் மெக்காரிசன் தொடங்கிய உணவாராய்ச்சி வளர்ந்து பெரிய ஆய்வுக்கூடமாயிற்று. நம்மைப் போலவே அதுவும் மாநிலம் கடந்து குடிபெயர்ந்தது: 1958-இல் ஐதராபாத் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. வைட்டமின் ஏ ஈரலில் பல மாதங்கள் தங்கி நிற்கும் இயல்புடையது. ஆகவே ஆறு மாதத்திற்கு ஒருமுறை பெரிய அளவில் ஊட்டினால் போதும் என்று அந்நிறுவனத்தார் ஊர்களிலேயே சோதித்துக் காட்டினர். 1970-இல் நடுவணரசு இதனை நாடெங்கும் தொடங்கியது. அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை கரண்டியில் ஊற்றும் மருந்து இதுவே. ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பங்களில் இத்தவணை தவறிப்போவது எளிது. நம்மவர் இதனைக் குறித்து வைத்துக்கொள்ளல் நன்று.

எனினும் மருந்து துணையே, உணவே முதல். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை இவற்றில் இச்சத்தோ, உடலில் இச்சத்தாக மாறும் பொருளோ நிரம்ப உண்டு. கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் சேர வேண்டும். கொழுப்பின்றி இச்சத்து உடலில் சேராது. முதற்பாலாகிய சீம்பாலில் இது மிகுதி. அதனைக் கறந்து கொட்டிவிடும் வழக்கம் ஒரு காலத்தில் பல வீடுகளில் இருந்தது.

வடமேற்கு மாநிலங்களில் வாழ்வோர்க்கு மற்றொரு வரலாறும் அண்டையில் உண்டு. ரோஹே என்று அங்கே வழங்கும் டிராக்கோமா, இமையின் உட்புறத்தைப் புண்ணாக்கும் தொற்றுநோய். அது திரும்பத் திரும்ப வந்தால் இமை சுருங்கி, மயிர் உள்நோக்கி வளைந்து, இமைக்குந்தோறும் கருவிழியை உராய்ந்து கெடுக்கும். ஈயும், ஒரே துண்டால் பலர் முகம் துடைப்பதும், ஒரு குழந்தைக்கு மை தீட்டிய விரலாலே அடுத்த குழந்தைக்கும் தீட்டுவதும் அதைப் பரப்பின. 1963-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. களிம்பும் மாத்திரையும் ஒருபுறம். தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் மறுபுறம். இந்தியாவில் டிராக்கோமா இனிப் பொதுச் சுகாதாரச் சிக்கல் அன்று என உலக சுகாதார நிறுவனம் 2024 அக்டோபரில் அறிவித்தது. அறுபத்தோராண்டு உழைப்பு! நாளேடுகளில் அதற்குக் கிடைத்த இடமோ சிறிது.

2006–07 ஆய்வில் நூற்றுக்கு ஒருவராயிருந்த பார்வையற்றோர், 2015–19 ஆய்வில் ஆயிரத்துக்கு நால்வருக்கும் குறைந்தனர். எஞ்சியவற்றுள் வஞ்சகமானது கண் அழுத்த நோய். வலியின்றி ஓரப் பார்வையைத் தின்றுவரும் இந்நோயில் போன பார்வை மீளாது, இருப்பதைக் காக்கலாம். ஆதலின் நாற்பது வயதைக் கடந்தோர், சிறப்பாகப் பெற்றோர்க்கோ உடன்பிறந்தோர்க்கோ இந்நோய் உள்ளவர்கள், தெளிவாகத் தெரிகிறதே என்று இராமல் கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பெருநகரப் பிள்ளைகளுக்கு வந்திருப்பதோ கிட்டப்பார்வை. தில்லிப் பள்ளி மாணவரிடை நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்குப் பதின்மூவர்க்கு அது இருந்தது. திறந்த வெளியில் மிகுதியாக விளையாடியோர்க்குக் குறைவாகவே கண்டது. பகலொளி விழிக்கோளம் நீளாமல் தடுக்கிறது என்பது இன்றைய கொள்கை. தைவான் நாட்டில் 2010 முதல் பள்ளிகள் மாணவரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் வகுப்பறைக்கு வெளியே அனுப்ப முற்பட்டன. அதுகாறும் பல்லாண்டுகளாக ஏறிக்கொண்டே வந்த கணக்கு, அதன்பின் இறங்கத் தலைப்பட்டது.