துறைமுகத்தில் 'திருட்டு வைஃபை': கண்டுபிடிப்பது எப்படி? வகை பிரிப்பது ஏன் முக்கியம்?

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் மாதிரியான இடத்தில் கப்பல், ஏஜென்ட் ஆபீஸ், குடோன், லாரி டிரைவரின் ஹாட்ஸ்பாட் என பல வைஃபை பெயர்கள் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். இதில் எது முறையானது, எது யாருக்கும் தெரியாமல் மாட்டி வைக்கப்பட்டது? பெயரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

ரோக் டிவைஸ் என்றால் என்ன?

நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அதன் நெட்வொர்க்கில் இணைக்கப்பட்ட கருவிதான் 'ரோக் டிவைஸ்'. உளவு பார்க்க வைத்த கருவி மட்டுமல்ல, "இங்க சிக்னலே வரல" என்று ஊழியர் ஒருவர் கடையில் வாங்கி மாட்டிய ரூட்டரும் இதில் சேரும். வாசலில் எவ்வளவு காவல் போட்டாலும், இது திறந்து கிடக்கும் பின்கதவு.

துறைமுகத்துக்கு என்ன ஆபத்து?

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் 2011 முதல் 2013 வரை நடந்ததைப் பாருங்கள். போதைப்பொருள் கும்பல், கப்பல் நிறுவன ஊழியர்களுக்கு வைரஸ் மின்னஞ்சல் அனுப்பி கணினிகளுக்குள் நுழைந்தது. அது தடுக்கப்பட்டதும் ஆபீஸுக்குள்ளேயே புகுந்து, கணினிகளில் சிறு கருவிகளை மாட்டியது. ஊழியர்கள் தட்டச்சு செய்வதெல்லாம் வயர்லெஸ் வழியாக வெளியே போனது. கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, உரியவர் வரும் முன்பே சரக்கை எடுத்துச் சென்றார்கள். கன்டெய்னர் கையாளும் எந்தத் துறைமுகத்துக்கும் இது எச்சரிக்கைதான். தூத்துக்குடியும் விலக்கல்ல.

கண்டுபிடிப்பது எப்படி?

1. முதலில் சொந்தக் கருவிகளின் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் உள்ள 'மேக்' முகவரியும் அதில் இருக்க வேண்டும்.

2. சென்சார்கள் எல்லா அலைவரிசைகளையும் தொடர்ந்து ஸ்கேன் செய்யும். பட்டியலில் இல்லாத சிக்னல் வந்தால் எச்சரிக்கும்.

3. மூன்று நான்கு இடங்களில் சிக்னல் வலிமையை அளந்தால், கருவி ஏறக்குறைய எங்கே இருக்கிறது என்று தெரியும்.

பட்டியல் இல்லையென்றால் என்ன ஆகும்? 2023-ல் அமெரிக்கக் கடற்படையின் 'யுஎஸ்எஸ் மான்செஸ்டர்' கப்பலில் சில அதிகாரிகள் ரகசியமாக ஸ்டார்லிங்க் ஆன்டெனா பொருத்தினார்கள். வைஃபைக்கு வைத்த பெயர் 'ஸ்டிங்கி'. மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்ததும், பிரின்டர் போலத் தோன்றும் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கப்பலில் அப்படிப்பட்ட வயர்லெஸ் பிரின்டரே கிடையாது! கருவிப் பட்டியலோடு ஒப்பிட்டிருந்தால் அந்தப் பெயரே காட்டிக் கொடுத்திருக்கும்.

வகை பிரிப்பது ஏன்?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்துத்தான் முத்துகளை அளவு வாரியாகப் பிரிப்பார்கள். தெரியாத சிக்னல்களையும் அப்படித்தான் சலிக்க வேண்டும்.

* அண்டை: பக்கத்து ஆபீஸ் அல்லது கரையில் நிற்கும் கப்பலின் வைஃபை. நம் நெட்வொர்க்கில் இணையவில்லை. குறித்துக்கொண்டு விட்டுவிடலாம்.

* உள்ளே நுழைந்தது: நம் கேபிளில் செருகியிருக்கிறது. நெட்வொர்க் ஸ்விட்சில் அதன் முகவரி தெரிகிறதா என்று பார்த்து, அந்த போர்ட்டை உடனே அணைக்க வேண்டும்.

* போலி இரட்டை: நம் வைஃபை பெயரையே வைத்துக்கொண்டு பாஸ்வேர்டு பறிப்பது. மேக் முகவரியையும் போலியாக வைக்க முடியும் என்பதால், இருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரிக்காமல் எல்லாவற்றையும் முடக்கினால் சிக்கல் நமக்கே வரும். அமெரிக்காவில் விருந்தினர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்களை முடக்கியதற்காக மேரியட் ஓட்டல் நிறுவனம் 2014-ல் 6 லட்சம் டாலர் அபராதம் கட்டியது.

சிக்கினால் என்ன செய்வது?

கருவியைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதுதான் ஆதாரம். இந்தியாவில் நெட்வொர்க்கில் அத்துமீறல் நடந்தது தெரிந்தால், 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. நிறுவனங்கள் இதைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது?

வீட்டு ரூட்டரின் செட்டிங்ஸில், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் இருக்கும். உங்கள் வீட்டுப் போன், டிவி, லேப்டாப்பை எண்ணிப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் தெரிந்த பெயராக இருந்தாலும், இலவச வைஃபையில் பணப் பரிவர்த்தனை வேண்டாம். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.