ஒன்றரைப் புள்ளி

உகாண்டாவின் கம்பாலா நகரில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது மக்கெரேரே பல்கலைக்கழகம். 1922இல் அது தொழிற்பள்ளியாகத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 14 பேர், எல்லோரும் ஆண்கள். தச்சு வேலை, கட்டட வேலை, இயந்திர வேலை கற்றார்கள். கல்லூரியின் முத்திரை வாசகமே ‘நாம் ஆண்மக்களாக இருப்போம்’ என்பதுதான். பெண்களை வேண்டுமென்றே விலக்கினார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்களைச் சேர்க்கும் யோசனையே யாருக்கும் எழவில்லை.

23 ஆண்டுகள் கழித்து, 1945இல், ஆறு பெண்கள் உள்ளே வந்தார்கள். பெண்களைச் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் ஆங்கிலிக்கன் பிஷப்பின் மனைவி மேரி ஸ்டூவர்ட். அங்குள்ள பெண்கள் விடுதி ஒன்றுக்கு இன்றும் அவர் பெயர்தான். மாணவர்கள் வாயில் அது ‘பாக்ஸ்’. பழைய வாசகம் இனி செல்லாது என்றானது. ‘எதிர்காலத்துக்காகக் கட்டுகிறோம்’ என்று மாற்றினார்கள்.

வாசகத்தை மாற்றுவது எளிது. அந்த அறுவரில் ஒருவரான சாரா நியெண்ட்வோஹாவுக்குக் கணிதம் படிக்க ஆசை. பெண் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பாடம் நடத்த மாட்டேன் என்று ஆசிரியர் மறுத்துவிட்டாராம். சாரா வரலாற்றுக்கு மாறினார். ஆக்ஸ்போர்டு சென்று 1954இல் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். ஊர் திரும்பி ஆசிரியையானபோது ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் காசே வேண்டாம், இலவசமாகவே கற்பிக்கிறேன் என்றார் சாரா. விஷயம் ஆளுநர் ஆண்ட்ரூ கோஹன் வரை போய், சமச் சம்பளம் கிடைத்தது. பிடிவாதக்காரர்தான். ஆனால் உகாண்டா ஒரு கணித மாணவியை இழந்தது இழந்ததுதான்.

அறிவியல் பக்கம் முதல் பெரிய பெயர் ஜோசஃபின் நம்பூஸே. 1959இல் மக்கெரேரேயில் மருத்துவப் படிப்பை முடித்துக் கிழக்கு ஆப்பிரிக்காவின் முதல் பெண் மருத்துவரானார். பின்னால் அதே இடத்தில் பேராசிரியர்.

அவர் வழியில் கூட்டம் ஒன்றும் திரளவில்லை. 1990 வரைக்கும் மாணவர்களில் பெண்கள் ஏறக்குறைய கால்பங்குதான். அந்த ஆண்டு பல்கலைக்கழகம் ஒரு முடிவெடுத்தது: நுழைவுக்குத் தகுதி பெற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் கூடுதலாக 1.5 புள்ளி. மறு ஆண்டே பெண்ணியல் துறையும் வந்தது. பெண்களின் எண்ணிக்கை மளமளவென ஏறியது. 1992 முதல் கட்டணம் கட்டிப் படிப்போரையும் சேர்க்கத் தொடங்கியது இன்னொரு காரணம். ‘ஒன்றரை’ என்ற கேலியையும் அந்தப் பெண்கள் கேட்க வேண்டியிருந்தது.

புள்ளி எங்கே உதவியது என்று பார்த்தால் கதை மாறுகிறது. கலைப் பிரிவுகள் நிரம்பின. பொறியியலிலும் இயற்பியலிலும் பெண்கள் அரிதாகவே இருந்தார்கள். காரணம் பல்கலைக்கழக வாசலில் இல்லை. பல பெண்கள் பள்ளிகளில் உருப்படியான ஆய்வகம் இல்லை, மேல்நிலையில் அறிவியல் ஆசிரியர் இல்லை. படிக்காத பாடத்தில் எத்தனை புள்ளி கூட்டி என்ன பயன்? சலுகையில் பெரும்பகுதியும் தலைநகரைச் சுற்றியிருந்த பேர்பெற்ற பள்ளிகளின் மாணவிகளுக்கே போனது. 2001இல் கார்னெகி அறக்கட்டளை உதவியோடு, ஏழைப் பெண்களுக்கும் அறிவியல் படிப்புகளுக்கும் முன்னுரிமை தரும் உதவித்தொகை தொடங்கியது. நோய் இருக்கும் இடத்தைத் தொட்ட மருந்து அதுதான், ஆனால் பள்ளிக்கூடங்களின் குறையை உதவித்தொகையால் அடைக்க முடியாது.

இப்போது மக்கெரேரே பட்டமளிப்பு விழாக்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஆனால் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் இன்னும் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறார்கள். கணிதக் கல்வியில் முனைவர் பட்டம் பெற்ற கிரேஸ் அலேலே வில்லியம்ஸ் 1985லேயே நைஜீரியாவின் பெனின் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 2022இல் நூற்றாண்டு கொண்டாடிய மக்கெரேரேயில் அந்தப் பதவிக்கு அதுவரை ஒரு பெண்ணும் நியமிக்கப்படவில்லை.