காற்றை எடைபோட்டவர்கள்

1903-ஆம் வருஷம் டிசம்பர் 17-ஆம் தேதி, அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில் ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாக எழும்பிய சமாசாரம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்த முதல் ஓட்டத்தில் அது 12 விநாடியில் கடந்த தூரம் 120 அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 11 கிலோமீட்டர்தான் வருகிறது. நம் வீட்டுப் பையன் சைக்கிளில் இதைவிட வேகமாகப் போவான். இவ்வளவு மெதுவாகப் போன ஒன்று கீழே விழாமல் எப்படி நின்றது? இந்தக் கேள்வி வெகு நாளாக என் மனசில் இருந்தது. படித்த மட்டில் விளங்கியதைச் சங்க அன்பர்கள் முன் வைக்கிறேன்.

விடையைத் தேட, இஞ்சின் விமானத்துக்கு முன் பிறந்த கிளைடரிடம் போக வேண்டும்.

உயரமே கைமுதல்

மிதிக்காமல் சரிவில் இறங்கும் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். கிளைடரும் அப்படித்தான், மூக்கைச் சற்றே தாழ்த்திக் காற்றில் முன்னோக்கிச் சரிகிறது. அந்த ஓட்டத்தில் அதன் வளைந்த இறக்கை, எதிர்வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதற்குப் பதிலாக இறக்கைக்கு மேல்நோக்கிய தூக்குவிசை கிடைக்கிறது. காற்றின் தடை வேகத்தைத் தின்னப் பார்க்கும். அந்தச் செலவை உயரத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும்.

எங்கள் வியாபார பாஷையில் சொன்னால், உயரம் கைமுதல், தடை அன்றாடச் செலவு. இன்றைய கண்ணாடியிழைக் கிளைடர் 1 மீட்டர் உயரத்தைச் செலவழித்து 40, 50 மீட்டர் தூரம் போய்விடும். வெயிலில் சூடாகி மேலெழும் காற்றுக்குள் வட்டமிட்டால் வரவும் உண்டு. மொட்டைமாடிக்கு மேலே பருந்து சிறகடிக்காமல் சுற்றிச்சுற்றி ஏறுவது அந்த வரவை வைத்துத்தான்.

ஒரு ஆபத்து உண்டு. வேகம் குறைந்து, மூக்கு அளவுக்கு மேல் தூக்கிக்கொண்டால், இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓட வேண்டிய காற்று பிரிந்து போகும். தூக்குவிசை போய்விடும், அப்புறம் வீழ்ச்சிதான்.

லிலியென்டால் கொடுத்த விலை

இந்த ஆபத்துக்கு உயிரைக் கொடுத்தவர் ஜெர்மானியரான ஓட்டோ லிலியென்டால். நீராவி இஞ்சின் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். பறவைகள் பறப்பதை ஆராய்ந்து 1889-இல் புத்தகம் எழுதினார். 1891 முதல் தாமே இறக்கை கட்டிக்கொண்டு சுமார் 2,000 முறை பறந்தார். 1894-இல் பெர்லினை அடுத்து 15 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கைக் குன்றே எழுப்பிக்கொண்டார். அவர் பறந்த அதிக தூரம் சுமார் 250 மீட்டர். திசை திருப்ப அவருக்கு இருந்த வழி, தொங்கும் உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டுவது ஒன்றே. 1896 ஆகஸ்ட் 9-ஆம் தேதி காற்றின் ஒரு வீச்சில் கிளைடர் நிலைகுலைந்து விழுந்தது. மறுநாள் காலமானார். வயது 48.

எடைக்கல்லைச் சோதித்தவர்கள்

அந்த மரணச் செய்தி, டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர், ஆர்வில் சகோதரர்களைத் தூண்டியது. லிலியென்டாலின் அட்டவணையை நம்பி அவர்கள் செய்த 1901-ஆம் வருஷத்துக் கிளைடர், கணக்குப்படி வர வேண்டிய தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தந்தது. மனம் சோர்ந்து ஊர் திரும்பினார்கள்.

அட்டவணை தப்பு என்று செத்தவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு அவர்கள் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு அந்தச் சந்தேகம் வந்ததும் உண்மை. ஆனாலும் சோதிக்காமல் விடவில்லை. 6 அடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, விசிறியால் காற்றை ஓட்டி, ரம்பத் தகடும் சைக்கிள் ஆரக் கம்பியும் கொண்டு தராசு அமைத்து, சுமார் 200 குட்டி இறக்கைகளை நிறுத்துப் பார்த்தார்கள்.

தெரிந்தது என்ன? லிலியென்டாலின் அட்டவணை பெரும்பாலும் சரியே. அதை அவருடைய இறக்கையைப் போல் இல்லாத இறக்கைக்குப் பொருத்தியது ஒரு கோளாறு. இன்னொரு கோளாறு, காற்றின் அழுத்தத்துக்காக 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பொறியாளர் ஸ்மீட்டனின் பெயரால் வழங்கிவந்த ஒரு எண். 0.005 என்று எல்லாரும் எடுத்துக்கொண்டது, உண்மையில் சுமார் 0.0033-தான். அதாவது, எடைக்கல்லே ஒன்றரை மடங்கு பொய் சொல்லிக்கொண்டிருந்தது! நிறுவை குறைந்தால் சரக்கு அனுப்பியவரைத் திட்டுகிறோம்; தன் கடை எடைக்கல்லை எடுத்துச் சோதிப்பவர் எத்தனை பேர்?

புதுக் கணக்கில், நீண்டு குறுகிய இறக்கையோடு பிறந்த 1902-ஆம் வருஷத்துக் கிளைடர், 26 விநாடியில் 622 அடி பறந்தது. அடுத்த வருஷம் அந்த வழியிலேயே 12 குதிரைசக்தி இஞ்சினை வைத்தார்கள்.

வேகக் கணக்கு

இனி முதல் கேள்விக்கு வருவோம். அன்றைக்கு எதிர்க்காற்று மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அதைக் கிழித்துக்கொண்டு விமானம் 11 கிலோமீட்டர் முன்னேறியது. ஆகவே இறக்கையின்மேல் ஓடிய காற்றின் வேகம் சுமார் 50. இறக்கைக்குத் தரையைத் தெரியாது. காற்றை மட்டும்தான் தெரியும். விழாமல் நின்ற ரகசியம் இதுவே.

பிறகு வேகம் மளமளவென்று ஏறியது. 1905-இல் ரைட் விமானம் 39 நிமிஷத்தில் 24 மைல் பறந்தது. மணிக்கு சுமார் 60 கிலோமீட்டர். 1906-இல் பாரிஸில் சாந்தோஸ் துய்மோன் காட்டிய 41 கிலோமீட்டர் முதல் அதிகாரபூர்வச் சாதனையாகப் பதிவானது. 1909-இல் பிரான்சின் ரேம்ஸ் நகரப் போட்டியில் கர்ட்டிஸ் 75-ஐத் தொட்டார். அதே ரேம்ஸில் 1913-இல் பிரெவோ 203 கிலோமீட்டரைத் தாண்டினார்.

இதற்கு நடுவே நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1911 பிப்ரவரி 18-ஆம் தேதி, இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்திலிருந்து ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர், சுமார் 6,500 கடிதங்களோடு யமுனையைத் தாண்டி, 10 கிலோமீட்டர் தள்ளியிருந்த நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது.

உலகம் டிசம்பர் 17-ஐக் கொண்டாடுகிறது. எனக்கோ, 1901-ஆம் வருஷக் கடைசியில் சைக்கிள் கடையில் அந்த மரப்பெட்டி முன்னால் கழிந்த வாரங்களே பெரிதாகத் தோன்றுகின்றன. அங்கேதான் கணக்கும் நேரானது, இறந்தவர் மேலிருந்த சந்தேகமும் நீங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் பறக்க முயன்றவர்களில் லிலியென்டாலே முதன்மையானவர் என்று பிற்பாடு வில்பரே எழுதிவைத்தார். கடனை ஒப்புக்கொண்டு எழுதிய கணக்கு அது.